விரல் உயர்ந்த இடம்

ஒரு மனிதர் பாட்டுக்குள் எதைக் கேட்கிறார் என்று பத்து மாதங்கள் தவறாமல் எழுதி வைத்தவன், அவருக்கு எது கேட்காமல் போய்க்கொண்டிருந்தது என்பதை எந்த மாதத்தில் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்? இந்தக் கேள்வியை வேறு யாரும் என்னிடம் கேட்கவில்லை. உசிலம்பட்டிச் சாலையில், நின்றுபோன ஒரு பஸ்ஸைச் சுற்றிக் கூடிய ஆட்களுக்கு நடுவே நின்றபோது எனக்குள் எழுந்த கேள்வி அது. விடையை இன்னும் நான் முடிவு செய்யவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். பொருளாதாரத்தில் முதுகலை முடித்துவிட்டு ஒரு டுடோரியலில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்; குடியிருந்தது விளாங்குடியில். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு, மதுரையின் பழைய தெரு ஒன்றில், ரேடியோ ரிப்பேர் கடையின் மாடியறையில் நான்கு பேர் கூடுவோம். கடைக்காரரை எல்லோரும் பாய் என்றே அழைப்போம். ரெக்கார்டு பிளேயரும், ஆளுயரத்தில் முக்கால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் அவருடையவை. பெட்டிகளை அவரே பலகை அறுத்துச் செய்திருந்தார். இரண்டாமவர் பக்கத்துத் தெருத் தையல்காரர். என் வயதுதான், வாய் ஓயாதவர், என்னை மாப்ள என்பார். மூன்றாமவர் தனியார் பஸ் ஒன்றின் ஓட்டுநர். மதுரைக்கும் உசிலம்பட்டிக்கும் இடையே நாளுக்கு நாலு நடை. நாற்பத்தைந்து வயதிருக்கும். உசிலம்பட்டிக்கு மேற்கே மழையை நம்பிய கொஞ்சம் நிலமும் மூன்று பிள்ளைகளும் அவருக்கு இருந்தன. நாங்கள் அவரை அண்ணே என்றோம்.

கூட்டத்துக்கு ஒரு முறை இருந்தது. அந்த மாதம் வீட்டில் அதிகம் போட்ட இசைத்தட்டு எதுவோ, அதை ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டும். போடுவதற்கு முன் ஒரே ஒரு வாக்கியத்தில், அதில் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். பாட்டு ஓடும்போது பேச்சுக் கூடாது. சொன்ன இடம் வரும்போது கொண்டுவந்தவர் ஆள்காட்டி விரலை உயர்த்துவார். மற்றவர்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வோம். யார் எதைக் கொண்டுவந்தார், எதைக் கேட்கச் சொன்னார் என்பதை நீள நோட்டு ஒன்றில் பதிவது என் பொறுப்பு. படித்தவன் என்பதால் அதை என்னிடம் தந்தார்கள். நானும் அதை ஒரு சமூக ஆவணம் போலக் கருதி, மிகுந்த கவனத்துடன் எழுதினேன். அந்தக் கவனம் எதில் இருந்தது, எதில் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் நால்வரில் நுட்பமான காது ஓட்டுநருடையதுதான். ஒருமுறை பாட்டு தொடங்கி நாலு வரி போவதற்குள், "பாய், மிஷின் ஒரு நூல் வேகமா ஓடுது. பொம்பளப் பிள்ள மூச்சு வாங்குது பாருங்க" என்றார். பாய் நம்பாமல் சோதித்துப் பார்த்து, மோட்டாரின் பட்டையை மாற்றினார். அன்றிலிருந்து எதிலும் அவர் சொல்வதே முடிவு.

ஒரு ஐப்பசியில் அவர் புதிய சினிமா இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். முதல் பக்கத்தின் இரண்டாவது பாட்டு. "ஆரம்பத்துல குரல் வர்றதுக்கு முந்தி சலங்கை ஒண்ணு லேசா உதறும். யாரோ கதவுக்கு அந்தப் பக்கம் நடக்குற மாதிரி. அதைக் கேளுங்க" என்றார். கேட்டோம். உண்மையில் அது அப்படித்தான் இருந்தது. அடுத்த மாதமும் அதே இசைத்தட்டு. அதற்கடுத்த மாதமும் அதே.

"என்னண்ணே, வேற ரெக்கார்டு வாங்க மாட்டீங்களா? அதுக்குத் தாலி கட்டிட்டீங்களா?" என்றார் தையல்காரர்.

"அதிகம் போட்டதைத்தானே கொண்டாரச் சொல்றீங்க? எங்க வீட்டுல அதுதான் ஓடுது. தெனமும் ஓடுது. நான் என்ன செய்ய?"

"முள்ளு தேஞ்சிருமேண்ணே."

"தேயட்டும்டா. தேயுறதுக்குத்தானே முள்ளு."

அவர் கேட்கச் சொன்ன இடம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. தை மாதம் புல்லாங்குழலைக் கேட்கச் சொன்னார். சித்திரையில் பெண்கள் கூட்டமாக ஹம்மிங் செய்யும் இடம். ஆனியில் தபலா. ஆடியில், "அடியில பேஸ் கிடார் ஒண்ணு நடக்குது, வேற எதையும் கேக்காதீங்க, அதை மட்டும் கேளுங்க" என்றார். அப்போது ஊரெங்கும் பேஸ் மோகம். டீக்கடைக்காரர்கள்கூட மண்பானைக்குள் ஸ்பீக்கரை வைத்து அதிர விட்டார்கள். அண்ணனும் அதில் விழுந்துவிட்டார் என்று தையல்காரர் கேலி செய்தார். நான் ஒருபடி மேலே போனேன். ஒரே பாட்டுக்குள் மேலிருந்து கீழே, அலங்காரத்திலிருந்து அடித்தளத்துக்கு அவர் இறங்கிச் செல்கிறார். இதுவே ரசனையின் முதிர்ச்சி என்று நோட்டின் ஓரத்தில் எழுதினேன். பாய் மட்டும் ஒருநாள், "அவரு முன்னாடி அந்த நாற்காலியிலதானே உக்காருவாரு? ஏன் இந்தப் பக்கம் மாறிட்டாரு?" என்று கேட்டார். ஜன்னல் காற்றுக்காக இருக்கும் என்றேன். அவர் மாறி உட்கார்ந்ததில், வலது கன்னம் ஸ்பீக்கரை நோக்கி இருந்தது.

ஆவணி மாதக் கூட்டத்தில் தையல்காரர் ஒரு விருப்பம் சொன்னார்: "அண்ணே, பேஸ் போதும்ணே, வயிறு கலங்குது. மொதல்ல காட்டுனீங்களே சலங்கை, அந்த எடத்தை இன்னொரு தடவை காட்டுங்க."

ஓட்டுநர் சரி என்றார். பாய் முள்ளை வைத்தார். பாட்டு என்னவோ போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மந்தமாக வந்தது. குரலுக்கு முந்திய அந்த இடைவெளியில் எதுவுமே இல்லை. வெறும் கனத்த முனகல்தான். ஆனால் ஓட்டுநரின் விரல் உயர்ந்தது. சரியான இடத்தில், முகத்தில் சிரிப்போடு.

முறையை மீறித் தையல்காரர் பேசிவிட்டார். "பாய், உங்க பெட்டிக்கு என்ன ஜலதோசமா? சலங்கையவே காணோம்!"

"ஏண்டா, இப்பத்தானே போச்சு? நல்லாத்தானே கேட்டுச்சு" என்றார் ஓட்டுநர், விரலை இறக்காமலே.

"எங்கண்ணே கேட்டுச்சு?"

"தையல் மிஷின் சத்தத்துல ஒனக்குக் காது போச்சுடா. போயி டாக்டர்ட்ட காமி."

எல்லோரும் சிரித்தோம். பாய் எழுந்து பெட்டியின் பின்பலகையைக் கழற்றினார். இரண்டு பெட்டிகளையும் முந்தின நாள் துடைத்தவர், உச்சத்தில் ஒலிக்கும் மெல்லிய ஓசைகளைத் தரும் சின்ன ஸ்பீக்கர்களின் வயரைத் திரும்ப மாட்ட மறந்திருந்தார். வயர்கள் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் அவற்றைத் தூக்கிக் காட்டினார். ஓட்டுநர் வயர்களைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"எனக்கு மனப்பாடமால்ல இருக்கு" என்றார்.

"அண்ணனுக்கு ரெக்கார்டே வேணாம்டா சாமி, உள்ளுக்குள்ளயே ஓடுது" என்று தையல்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். மறுபடி சிரித்தோம். பாய் சிரிக்கவில்லை.

அன்று மதியம் விளாங்குடிக்குத் திரும்பி அந்த மாதத்தை எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை. முந்தைய பக்கங்களைப் புரட்டினேன். சலங்கை, புல்லாங்குழல், ஹம்மிங், தபலா, பேஸ். என் கையெழுத்திலேயே, மாதத்துக்கு ஒரு வரியாக, ஒரு மனிதரின் செவி மேலிருந்து கீழே அணைந்து வந்திருந்தது. நான் ஓரத்தில் எழுதியிருந்த ரசனையின் முதிர்ச்சியும் அங்கேயே இருந்தது. நான் முதலில் நினைத்தது அவரை அல்ல. அந்த பஸ்ஸில் வழக்கமாக ஏறும் அறுபது எழுபது பேரை. அவர்களில் நானும் ஒருவன்.

உசிலம்பட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் சனிக்கிழமைதோறும் முதியோர் கல்வி வகுப்பு எடுத்துவந்தேன். போவது அவருடைய பஸ்ஸில்தான். அந்தச் சனிக்கிழமை முதன்முறையாக, பயணியாக இல்லாமல் சாட்சியாக ஏறினேன். கண்டக்டர் ஓட்டுநருடைய அக்கா மகன். அவன் கழுத்தில் விசில் தொங்கியது. அதை வாயில் வைத்தான், ஊதவும் செய்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் விசிலோடு சேர்த்து, பஸ்ஸின் தகரத்தை உள்ளங்கையால் அறைந்தான். நிறுத்த ஒரு அடி. கிளம்ப இரண்டு அடி. அடி விழுந்த பிறகே பஸ் அசைந்தது. ஒருமுறைகூட விசிலுக்கு அது அசையவில்லை. பல மாதங்களாக இதே பஸ்ஸில் போய்வந்திருக்கிறேன்; அந்த அடியைக் கண்டக்டரின் சேட்டை என்று நினைத்திருந்தேன்.

வகுப்பு நடக்கும் ஊரில் இறங்காமல் கடைசிவரை போனேன். உசிலம்பட்டி பஸ் நிலையத்தில், வண்டி திரும்ப இருந்த அரைமணி நேரத்தில், அவருக்கு இடப்பக்கமாக பெஞ்சில் உட்கார்ந்து, "அண்ணே, டீ சொல்லவா?" என்றேன். அவர் திரும்பவில்லை. எழுந்து வலப்பக்கம் போய் அதையே கேட்டேன். இப்போது திரும்பினார்.

"தெரிஞ்சுபோச்சா தம்பி?"

"எம்புட்டு நாளாண்ணே?"

"இடது போயி ரெண்டு வருசமாச்சு. என்ஜின் அந்தப் பக்கந்தானே உறுமுது. வலதுல ஆளுக பேசுறது கேக்கும். விசிலு கேக்காது. குருவி கத்துறது கேக்காது."

"அந்த ரெக்கார்டு?"

"தெனமும் காலையில போட்டுப் பாப்பேன். நேத்துக் கேட்டது இன்னைக்கும் இருக்கான்னு." டீயை ஊதினார். "போயிக்கிட்டே இருக்கு."

எங்கள் கூட்டத்தில் அதிகம் போடப்பட்ட இசைத்தட்டு எதனால் அப்படிப் போடப்பட்டது என்று அப்போதுதான் விளங்கியது.

"வண்டிய விட்டுருங்கண்ணே" என்றேன்.

"தை வரைக்கும் பொறு. மூத்தவ டீச்சர் டிரெயினிங் முடிச்சிருவா. அப்புறம் நானே ஓனர்ட்ட சாவியக் குடுத்துர்றேன். எம் மருமகன் இருக்கான்ல? அவன் அடிச்சா எனக்கு முதுகுல தெரியும் தம்பி. கேக்கவே வேணாம், தெரியும். இன்னைவரைக்கும் ஒரு கோழியக்கூட அடிச்சதில்ல நான்."

அது உண்மை என்பதும் எனக்குத் தெரியும். நான் சரி என்றேன்.

அந்தச் சரியை எளிதாகச் சொல்லிவிடவில்லை என்று என்னையே தேற்றிக்கொள்வதுண்டு. ஒரு குடும்பத்தின் சோறு ஒரு பக்கம், நிகழக்கூடிய ஒன்று மறுபக்கம். நிகழக்கூடியதற்கு முகம் இல்லை. அந்த மூத்த பெண்ணை நான் பார்த்திருந்தேன். முகம் இருந்த பக்கம் தராசு சாய்ந்தது. பாயிடம் மட்டும் சொன்னேன். அவர் சாலிடரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, சொல்றதா இருந்தா இன்னைக்கே ஓனர்ட்ட போயிச் சொல்லு. இல்லைன்னா மறந்துரு. நடுவுல மட்டும் நிக்காத. நடுவுல நிக்கிறவனுக்குத்தான் ரெண்டு பக்கமும் பழி" என்றார். நான் நடுவில்தான் நின்றேன். அதாவது, ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த பஸ்ஸில் ஏறி, பின்வாசலை ஒட்டிய இருக்கையில் உட்கார்ந்து காவல் காத்தேன். வாரத்தின் மற்ற ஆறு நாட்களும் அதே பஸ் ஓடுகிறது என்பதை மனசாட்சி எப்படியோ கணக்கில் சேர்க்கவில்லை.

புரட்டாசியும் ஐப்பசியும் போயின. கூட்டத்துக்கு அவர் வந்தார், அதே இசைத்தட்டோடு. எதைக் கேட்க வேண்டும் என்று இரண்டு மாதமும் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாட்டு ஓடும்போது அவருடைய உள்ளங்கை ஸ்பீக்கர் பெட்டியின் பலகைமீது இருந்தது.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை பஸ்ஸில் ஏறியபோது கண்டக்டர் வேறு ஆளாக இருந்தார். அக்கா மகனுக்குக் காய்ச்சலாம். மாற்று ஆள் சுறுசுறுப்பானவர், விசிலை அழகாக ஊதினார். ஊதினார், பஸ் கிளம்பவில்லை. மறுபடி ஊதினார். கண்ணாடியில் பார்த்து ஓட்டுநர் நகர்த்தினார். நான் எழுந்து போய் மாற்று ஆளிடம், "அண்ணே, தகரத்துல ரெண்டு அடி அடிங்க, அதான் இங்க வழக்கம்" என்றேன்.

"எனக்கு விசில் இருக்கு சார். கை வலிக்க நான் ஏன் அடிக்கணும்?" என்று சிரித்தார்.

காரணத்தைச் சொல்லியிருந்தால் அவர் அடித்திருப்பார். நான் சொல்லவில்லை. இருக்கைக்குத் திரும்பினேன். வெளியே மானாவாரிக் காடுகள் மேகத்துக்குக் கீழே கறுத்துக் கிடந்தன. பஸ்ஸுக்குள் எல்லோரும் வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான் மட்டும் இறங்குகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செக்கானூரணி தாண்டி ஒரு நிறுத்தத்தில் நிறைய பேர் இறங்கினார்கள். பஸ்ஸின் கூரைமீது ஏறியிருந்த ஒருவர் மூட்டைகளைப் புரட்டினார். ஒரு மூட்டை கூரையில் விழுந்தது, தொம். இன்னொன்று, தொம். இரண்டு அடி. பஸ் கிளம்பிவிட்டது.

கூடையோடு ஒரு பெண் படியில் நின்றிருந்தார். ஒரு கால் தரையில், ஒரு கால் படியில், சேலை கம்பியில் சிக்கி. மாற்று ஆள் விசிலை ஊதினார், விடாமல் ஊதினார். காதைக் கிழிக்கும் அந்த ஓசை முன்னால் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேரவில்லை. நான் இரண்டு கையாலும் தகரத்தை அறைந்தேன். நாலைந்து அடி தூரம் அந்தப் பெண்ணை இழுத்துக்கொண்டு போன பிறகு பஸ் நின்றது.

அவருக்கு உயிர் போகவில்லை. கணுக்கால் நொறுங்கியிருந்தது. எதிரே வந்த லாரியில் அவரை மதுரைக்கு ஏற்றி அனுப்பினார்கள். அதே பஸ்ஸில் வந்த அவருடைய தம்பி உடன் போகாமல் நின்றான். ஓட்டுநரை இருக்கையிலிருந்து இழுத்து இறக்கினார்கள்.

"குடிச்சிருக்கான்யா! வாய ஊதச் சொல்லு!"

"நான் விசிலு ஊதிக்கிட்டே இருந்தேன்யா" என்று மாற்று ஆள் கத்தினார். "இந்தாளுக்குக் காது செவிடா?"

வசவாகத்தான் அதைச் சொன்னார்.

"கவனிக்கல. என் தப்புதான்" என்றார் ஓட்டுநர். முதல் அறை விழுந்தது. அவர் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. கவனக்குறைவு என்றால் சில மாதங்களில் வேலைக்குத் திரும்பலாம். செவிடு என்றால் ஒருபோதும் முடியாது. அவர் அதைக் கணக்கிட்டுத்தான் அடியை வாங்குகிறார் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். பேசாதே என்று கண்ணால் சொன்னார். மூன்று மாதங்களுக்கு முன் அதே கண்ணுக்குத்தான் நான் சரி என்றிருந்தேன்.

"அவர் குடிக்கல. அவருக்குக் காது கேக்காது. விசில் சத்தம் கேக்கவே கேக்காது" என்றேன்.

கைகள் நின்றன. ஓட்டுநர் கண்ணை மூடிக்கொண்டார்.

அடிபட்ட பெண்ணின் தம்பி என்னிடம் வந்தான். "ஒனக்கு எப்படிய்யா தெரியும்? நீதானே தகரத்தை அடிச்சே?"

"தெரியும்."

"எத்தனை நாளா?"

"மூணு மாசமா."

அவன் என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. "மூணு மாசமா தெரிஞ்சுக்கிட்டு, எங்களையும் ஏத்திக்கிட்டு நீயும் உக்காந்து வந்திருக்க" என்றான். பிறகு மதுரைக்குப் போகும் அடுத்த வண்டிக்குக் கை காட்டப் போனான்.

அந்தப் பெண் பிழைத்து நடக்கிறார், ஒரு காலைச் சாய்த்து. ஓட்டுநர் அதன்பின் பஸ் ஓட்டவில்லை. அவருடைய மகள் படிப்பை முடித்தாள். வேலை கிடைக்க நாலு வருடமானது, அதுவரை அவர் மானாவாரி நிலத்தில் பாடுபட்டார். கூட்டத்துக்கு அவர் வரவில்லை. பாய் ஒருமுறை உசிலம்பட்டி போய் அழைத்துப் பார்த்தார். ஓட்டுநர் இசைத்தட்டை மட்டும் பாய் கையில் கொடுத்தனுப்பினார். தை மாதத்துக்குப் பிறகு கூட்டமும் நடக்கவில்லை. நான் நோட்டு எழுதுவதை நிறுத்தினேன். சனிக்கிழமை வகுப்புக்கு வேறு பஸ்ஸில் போனேன். ஏறியதும் கண்டக்டர் ஊதும் முதல் விசிலுக்கு வண்டி அசைகிறதா என்று பார்த்த பிறகே உட்கார்ந்தேன்.